நசீருதீன் அடிக்காமல் விட்ட வரி

கடைசியாக இருவரும் சேர்ந்து செய்த வேலை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மிதவை வால்வை மாற்றியது. 2008 ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை காலை. தொட்டி நிரம்பி வழிந்து சுவரெல்லாம் பாசி பிடிக்கிறது என்று பக்கத்து வீட்டில் முறையிட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. மாஹிரா தொட்டிக்குள் இறங்கினாள். அவளுடைய தகப்பனார் நசீருதீன் மேலே நின்று ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக நீட்டினார்.

"பதினாலு கேட்டேன் அத்தா."

"பதினாலுதான் குடுத்தேன்."

"பன்னெண்டுன்னு இதுலயே அடிச்சிருக்கு."

"அப்ப ஸ்பேனர் தப்பு."

"ஆமா, கம்பெனிக்காரன் தப்பு. உங்க மேல தப்பே வராது."

அவர் சிரித்தார். தொட்டிக்குள் இருந்த அவளுக்கு அந்தச் சிரிப்பு நான்கு பக்கமும் மோதிப் பெரிதாகக் கேட்டது. வேலை முடிய நாற்பது நிமிடம் ஆனது. மோட்டாரைப் போட்டார்கள். தண்ணீர் ஏறி, மிதவை எழும்பி, வால்வு மூடிக்கொண்டது. ஒரு சொட்டுக்கூட வழியவில்லை.

புதன்கிழமை காலை சுபுஹ் தொழுதுவிட்டு வராண்டாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், அரை தம்ளர் டீ கேட்டார். அம்மா நஃபீசா டீயோடு வந்தபோது பேப்பர் மடியில் இருந்தது, அவர் இல்லை. அறுபத்தெட்டு வயது. அடுத்த தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மாஹிராவிடம் உயிர் போன நேரத்தை மட்டும் சொன்னார். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். மய்யித்தைக் குளிப்பாட்டிய தண்ணீர் அந்தத் தொட்டியிலிருந்துதான் வந்தது. நடுவில் மாஹிரா மாடிக்குப் போய் வால்வைப் பார்த்துவிட்டு வந்தாள். சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவள் செய்வதற்கு வேறு வேலை இல்லை.

நசீருதீன் பல்லாவரத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் குரோம்பேட்டையில் ஒரு தோல் ஷெட்டில் மேஸ்திரி. மகன் தோலைத் தொடக்கூடாது என்பது அவர் வைராக்கியம். படிக்க வைத்தார். 1961இல் மீனம்பாக்கம் வானிலை நிலையத்தில் நசீருதீன் அப்சர்வராகச் சேர்ந்தார். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே போய் வெப்பமானி, காற்றழுத்தமானி, மேகம், காற்று எல்லாம் பார்த்து ரிஜிஸ்டரில் எழுதும் வேலை. மழையானாலும் எழுத வேண்டும், பெருநாளானாலும் எழுத வேண்டும். ஓய்வு பெற்று அஸ்தினாபுரம் வீட்டில் உட்கார்ந்த பிறகும் மூன்று மணிக்கொருமுறை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். யாராவது குடை எடுத்துப் போகலாமா என்று கேட்டால், "தெரியாதுங்க, நாங்க நடந்ததை எழுதுறவங்க. நடக்கப்போறதைச் சொல்றவங்க வேற செக்‌ஷன்" என்பார்.

கோபம் வராத மனிதர். கரப்பான்பூச்சியைக்கூடத் தாளில் ஏற்றி வெளியே விடுவார். பூனை விஷயத்தில் மட்டும் வேறு மாதிரி. நஃபீசா பின்வாசலில் இரண்டு தெருப் பூனைகளுக்கு மீன் முள் வைப்பாள். வைக்காதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பூனை உள்ளே வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

"பூனையைப் பாத்து ஓடுற முஸ்லிம் இந்த மனுஷன் ஒருத்தர்தான்," என்று நஃபீசா சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். மூச்சு முட்டும் நோய் ஏதோ இருக்கிறது என்று மாஹிரா முப்பத்திரண்டு வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் இறந்த அந்த வருடம் மார்ச்சில் பேராசிரியர் பக்தவச்சலம் வீட்டுக்கு வந்தார். கிழக்குத் தாம்பரத்துக்காரர், கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தீவுகளில் அழிந்துபோன பறவைகளைப் பற்றி ஒரு புத்தகம் தயார் செய்துகொண்டிருந்தார். வங்கக் கடலில் ஒரு சிறிய தீவில் முன்பு வானிலை நிலையம் இருந்ததும், அங்கே நசீருதீன் வேலை பார்த்ததும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"அந்தத் தீவுப் பறவையோட போட்டோ ஏதாவது இருக்கா சார்? உலகத்துலயே அந்த ஒரு தீவுல மட்டும்தான் இருந்தது."

"இல்ல சார். அப்ப ஏது கேமரா."

"பரவாயில்ல. உங்க பதிவு கிடைச்சிருச்சு. அதுதான் எங்களுக்கு ஒரே ஆதாரம். ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க." பையிலிருந்து தாளை எடுத்துப் படித்தார். கடைசியாகப் பார்த்தது, நவம்பர் 1973. அழிந்த காரணம், புயல். ஆதாரம், நிலையப் பதிவேடு, அப்சர்வர் நசீருதீன்.

நசீருதீன் டீயை அவர் பக்கம் நகர்த்தினார். "சுனாமிக்குப் பிறகு யாராவது அங்க போய்ப் பாத்தாங்களா சார்?"

"போன வருஷம் ஒரு குழு போச்சு. பறவை ஒண்ணுகூட இல்ல. பூனைதான் ஏராளமா திரியுது. பின்னாடி மீனவங்க யாராவது விட்டிருப்பாங்க."

"சர்க்கரை போதுமா சார்?" என்று நசீருதீன் கேட்டார்.

அன்று மாலை நஃபீசா பல்லாவரத்தில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் மாஹிராவை உட்காரச் சொல்லி, தேதி வாரியாகச் சொன்னார்.

1972இல் அந்தத் தீவுக்கு மாற்றல். மூன்று பேர். பொறுப்பு அதிகாரி ஸ்ரீரங்கன், அப்சர்வர் நசீருதீன், சமையலும் எடுபிடியும் பார்க்கும் துரை. துரை ராயபுரத்துக்காரர். நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை சாமான் படகு வரும். தீவில் காடை அளவில் ஒரு பறவை இருந்தது. சிவப்புக் கால். பறக்க மறந்துபோன பறவை. மனிதனையும் எதையும் பார்த்துப் பயப்படத் தெரியாது, அதற்கு அவசியமே வந்ததில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்க்க வந்தவர் மாதிரி நிலையத்தைச் சுற்றி நடக்கும். துரை அதற்கு சூப்பிரண்டு என்று பெயர் வைத்தார். "சார், சூப்பிரண்டு வர்றாரு, ஏந்து நில்லு," என்பார். வெப்பமானிப் பெட்டியின் நிழலில் மதியத்தில் நாலைந்து படுத்துக் கிடக்கும். நசீருதீன் அவற்றைத் தாண்டிப் போய்த்தான் அளவு எடுப்பார்.

அரிசி மூட்டையோடு எலிகள் வந்தன. மேல்காற்றைப் பார்க்க விடும் ரப்பர் பலூன்களை எலிகள் கடித்துக் குதறின. ஆறு நாள் பலூன் விட முடியவில்லை. மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. அடுத்த முறை போர்ட் பிளேருக்குப் போன நசீருதீன், மீன் மார்க்கெட்டில் ஒரு பூனையை வாங்கிவந்தார்.

"ஒரு பூனையா?" என்று மாஹிரா கேட்டாள்.

"ஒண்ணுதான். சினையா இருந்துச்சு."

"தெரிஞ்சேவா வாங்குனீங்க?"

"தெரிஞ்சுதான். எல்லாரும் விரட்டிக்கிட்டே இருந்தாங்க. பாவமா இருந்துச்சும்மா."

பூனை ஐந்து குட்டி போட்டது. அவர் பால் பவுடர் கரைத்து ஊற்றி வளர்த்தார். முதல் மாதம் பூனை எலி பிடித்தது. பிறகு சமையல்கட்டு வாசலில் சிவப்புக் கால்கள் கிடக்கத் தொடங்கின. துரைதான் முதலில் சொன்னார்.

"எலி ஓடுது சார். இது இன்னான்னா, தானா நடந்து வந்து எதிர்ல குந்திகினு கீது. பூனை எதுக்கு மெனக்கெடும், சொல்லு."

அடுத்த வருடம் குட்டிகள் குட்டி போட்டன. வெப்பமானிப் பெட்டியின் நிழலில் நான்கு இருந்தது இரண்டானது. துரை ஒரு சாக்கோடு வந்து நின்றார்.

"அல்லாத்தையும் இதுல போட்டு கடல்ல கடாசிட்டு வந்துர்றேன். உன்னால முடியாது, தெரியும். நீ அந்தாண்ட திரும்பிக்கோ, போதும்."

நசீருதீன் வேண்டாம் என்றார். பூனையைக் கொல்வது பெரும் பாவம் என்று கேட்டு வளர்ந்தவர். தன் கையால் பால் ஊற்றிய பூனைகள். கொஞ்சம் யோசிக்கலாம் துரை, அடுத்த படகில் திருப்பி அனுப்பிவிடலாம் என்றார். படகுக்காரர்கள் பூனையை ஏற்றச் சம்மதிக்கவில்லை. அதற்கடுத்த படகிலும் ஏற்றவில்லை. 1973 நவம்பர் 9ஆம் தேதி காலை எட்டரை மணி அளவெடுக்கப் போனபோது, நிழலில் இறகுகள் மட்டும் கிடந்தன. அதற்குப் பிறகு அந்தப் பறவையை அவர் பார்க்கவில்லை. பத்து நாள் மதிய நேரங்களில் தீவைக் குறுக்கும் நெடுக்குமாக நடந்து தேடினார். கத்தலும் கேட்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் வடக்கே ஒரு புயல் கடந்து போனது. தீவில் ஓடுகள் சில பறந்தன, ஒரு தென்னை சாய்ந்தது. சேத விவரம் எழுதச் சொல்லி எல்லா நிலையங்களுக்கும் தந்தி வந்தது. ஸ்ரீரங்கன் லீவில் ஊருக்குப் போயிருந்தார். ரிஜிஸ்டரில் குறிப்பு எழுதும் இடத்தில் நசீருதீன் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார்: தீவின் தரைப் பறவைகள் புயலில் முற்றிலும் அழிந்தன.

"ஏன் எழுதுனீங்க?"

"அனுமதி இல்லாம பூனை கொண்டுபோனேன். அடுத்த படகுல ஃபாரஸ்ட் ஆபீசர் வர்றதா இருந்துச்சு. எனக்கு மீனம்பாக்கத்துக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் ரெடியா இருந்துச்சு. உங்கம்மாவைப் பேசி முடிச்சிருந்தாங்க. பயந்துட்டேன்."

மாஹிரா தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் இன்ஜினியர். தவறாக எழுதிய எண்ணை என்ன செய்வது என்பதற்கு அவளுடைய கூடத்தில் ஒரு விதி உண்டு. அவருடைய நிலையத்திலும் அதே விதி. ரப்பரால் அழிக்கக்கூடாது. மேலே எழுதி மறைக்கக்கூடாது. பழையது படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, எழுதியவரே சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும்.

"புரொஃபசருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துருங்க," என்றாள்.

"லெட்டர் அவர் பையில கிடக்கும். வரி ரிஜிஸ்டர்ல நிக்குதும்மா. அதை அங்கதான் அடிக்கணும். நான்தான் அடிக்கணும்."

முப்பத்தேழு வருடம் அளவெழுதி, வேறு எதையும் பொய்யாக எழுதாத மனிதர். அந்த ஒரு வரிதான் இப்போது புத்தகமாகப் போகிறது. டிசம்பரில் அச்சு.

லீவு முடிந்து வந்து அந்த வரிக்குக் கீழே மேலொப்பம் போட்டவர் ஸ்ரீரங்கன். அவரிடம் சொல்லாமல் அடிக்க நசீருதீனுக்கு மனம் வரவில்லை. ஏப்ரலில் ஒரு ஞாயிறு மாஹிராவின் ஸ்கூட்டரில் இருவரும் கோவிலம்பாக்கம் போனார்கள். ஸ்ரீரங்கனுக்கு எழுபத்தைந்து. பனியனோடு வாசலுக்கு வந்தார்.

"வாடா நசீர்! உன் பொண்ணா? நல்ல வேளை, உன் மூக்கு வரலை. உக்காருங்கோ. என்ன, பென்ஷன் ஏதாவது நின்னுடுத்தா?"

"இல்ல சார். அந்தப் பறவை புயல்ல சாகல. என் பூனை தின்னுச்சு. நான் பொய் எழுதினேன்."

ஸ்ரீரங்கனுக்கு முதலில் பிடிபடவில்லை. முழுதும் கேட்டபின் முகம் மாறியது.

"முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு வந்து, நான் பொய்க்குக் கையெழுத்துப் போட்டவன்னு சொல்லிண்டு நிக்கறே."

"நீங்க லீவுல இருந்தீங்க சார். உங்களுக்குத் தெரியாது."

"அதான்டா கேவலம். பாக்காததைப் பாத்ததா போட்டிருக்கேன்." எழுந்து உள்ளே போனார். திரும்பி வரமாட்டார் என்று மாஹிரா நினைத்தாள். சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "அடிச்சிட்டு வா. என் கையெழுத்து மேல கோடு படாம அடி. அது என் தப்பு. அது அங்கேயே இருக்கட்டும்."

பழைய பதிவேடுகள் நகரத்தில் ஓர் அலுவலக ஆவண அறையில் இருந்தன. நசீருதீன் மனுப் போட்டார். ஜூன் கடைசியில் அனுமதிக் கடிதம் வந்தது. ஜூலை முதல் வாரம் மாஹிரா அரை நாள் லீவு போட்டாள். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினார்கள். ஆவண அறையைப் பார்த்துக்கொண்ட காந்திமதி என்ற அம்மாள் ரிஜிஸ்டரைத் துடைத்து மேசைமேல் வைத்தார். நசீருதீன் பக்கங்களைத் தள்ளி, தேடாமலே அந்தப் பக்கத்தில் நிறுத்தினார். பேனா மூடியைக் கழற்றினார்.

பிறகு மூடியைத் திரும்பப் போட்டார்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலம்மா," என்றார். "அடுத்த வாரம் வந்துரலாம்."

கண்ணாடி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. கூடு வெளியே தெரிந்தது. மாஹிரா அதைப் பார்த்தாள். பையில் இருக்கிறது அத்தா என்று சொல்ல இரண்டு நொடி போதும். வேற்று மனுஷி முன்னால் அவரைப் பொய்யர் ஆக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள். திரும்பும் ரயிலில் இடம் இருந்தும் அவர் குரோம்பேட்டைவரை நின்றுகொண்டே வந்தார்.

அடுத்த வாரம் முழங்கால் வலி என்றார். பிறகு அவளுக்கு ஆடிட். பிறகு மழை. செப்டம்பர் தொடக்கத்தில் ரமலான் பிறக்கும். "நோன்புக்குள்ள போயிட்டு வந்துரணும்," என்று தானாகவே சொன்னார். அவள் நெருக்கவில்லை. டிசம்பருக்கு நாள் இருக்கிறது என்று கணக்குப் போட்டாள்.

அடக்கம் முடிந்த மறுவாரம் வீடு முழுக்கத் தேடினாள். பூனையைப் பற்றி அவர் ஒரு துண்டுத் தாளில்கூட எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய இடம் ஒன்றுதான் என்று நம்பியவர். துரை இறந்து பல வருடம் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கன் பூனையைப் பார்த்தவர், அது பறவையைத் தின்றதைப் பார்த்தவர் இல்லை.

அக்டோபரில் அவள் பேராசிரியரைப் போய்ப் பார்த்தாள். அவர் கடைசிவரை கேட்டார்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேன்மா. ஆனா பார்த்தவர் எழுதினது புயல்னு இருக்கு. மகள் கேட்டது பூனைன்னு இருக்கு. நான் எதைப் போடறது?"

"அந்த வாரக் காற்று அளவு அதே ரிஜிஸ்டர்ல இருக்கு சார். அதிகபட்சம் முப்பத்தெட்டு நாட், மணிக்கு எழுபது கிலோமீட்டர். அதுல தென்னை சாயும். தரையில, புதருக்குள்ள இருக்கற பறவை ஒண்ணுவிடாம சாகாது."

"அந்த அளவு எழுதினது யாரு?"

"அத்தாதான்."

"அதே ஆள், அதே பக்கம். ஒண்ணை நம்பணும், இன்னொண்ணை நம்பக்கூடாதுன்னு எப்படிம்மா எழுதுவேன்?" கடுமையாகச் சொல்லவில்லை. சங்கடத்தோடுதான் சொன்னார். "புயலுக்குப் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடறேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

மறுநாள் அவள் தனியாக மின்சார ரயில் ஏறினாள். விதி தெரியும். இருந்தாலும் வேறு வழி ஏதாவது இருக்குமோ என்று வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. இறப்புச் சான்றிதழின் நகல், வாரிசுச் சான்றிதழின் நகல், அடிப்பதில் ஆட்சேபணை இல்லை என்று ஸ்ரீரங்கன் எழுதிக்கொடுத்த கடிதம் மூன்றையும் காந்திமதியின் மேசையில் வைத்தாள். அந்த அம்மாள் முதல் தாளோடு நிறுத்திக்கொண்டார்.

"எப்பம்மா?"

"ஆகஸ்ட் இருபது."

"அடடா. எனக்குத் தெரியாம போச்சே." மற்ற தாள்களையும் பொறுமையாகப் படித்தார். "இதுக்கு வாரிசெல்லாம் கிடையாதும்மா. எழுதினவங்க கைதான். என் ஆபீசரே நினைச்சாலும் முடியாது."

"தெரியும் மேடம். எங்க லேப்லயும் அப்படித்தான்."

"ஒருவாட்டி பாக்கறியா?"

ரிஜிஸ்டர் உள்ளே அலமாரியில் இல்லை. காந்திமதியின் மேசை ஓரத்திலேயே இருந்தது. அட்டைமேல் ஒரு துண்டுத் தாள் குத்தியிருந்தது. அதில் நசீருதீன் பெயரும் நான்கு தேதிகளும் இருந்தன. ஜூலை 14, ஜூலை 28, ஆகஸ்ட் 11, ஆகஸ்ட் 25. முதல் மூன்றும் அடிக்கப்பட்டிருந்தன.

"ஒவ்வொரு தடவையும் போன் பண்ணுவாரு. இந்தத் தேதிக்கு வர்றேன்மா, எடுத்து வைங்கன்னு. அப்புறம் அவரே போன் பண்ணி, மன்னிச்சுக்கங்கம்மா, இன்னைக்கு முடியலம்பாரு. கடைசித் தேதிக்கு மட்டும் போன் வரல. வருவாருன்னு உள்ள வெக்காமயே விட்டுட்டேன்."

அவர் போன் செய்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. மாஹிரா பக்கத்தைத் திறந்தாள். சாய்வில்லாத, ஒரே அளவான எழுத்து. மேலே காற்று, அழுத்தம், மழை. குறிப்பு எழுதும் இடத்தில் அந்த வரி. கீழே ஸ்ரீரங்கனின் கையெழுத்து. வரிக்குப் பக்கத்தில் ஓரத்தில், இரண்டு சொல்லும் ஒரு சுருக்கொப்பமும் கொள்ளும் அளவுக்கு இடம் இருந்தது. அவளுடைய கைப்பையில் பேனா இருந்தது. அதை அவள் எடுக்கவில்லை.

காந்திமதி ரிஜிஸ்டர் பக்கம் கையை நீட்டினார்.

"உள்ள வெச்சிரட்டுமாம்மா?"

"வெச்சிருங்க மேடம்," என்றாள் மாஹிரா.